பச்சை உடம்பும் பச்சை மனமும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்த செய்தி எட்டியவுடன் நாம் என்னென்ன கேட்கிறோம் என்று சற்று எண்ணிப் பாருங்கள். ஆணா, பெண்ணா? எடை என்ன? யார் சாயல்? பால் குடிக்கிறதா? இரவில் தூங்குகிறதா? பத்து மாதம் சுமந்து பெற்றவளைப் பற்றியோ, "தாயும் சேயும் நலந்தானே?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, "நலம்" என்ற விடையையும் நாமே எதிர்பார்த்துக்கொண்டு, அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அவள் உடம்பை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். அவள் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் யார்? இன்றைய என் பேச்சு அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். இந்தப் பொருள் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி இரண்டே. பிள்ளை பெற்ற தாய்மார்களின் மனநலம் பற்றிய அறிக்கைகளும் சுற்றறிக்கைகளும் சில காலமாக என் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன என்பது ஒன்று. அவற்றில் எழுதியிருப்பது என் சொந்த வீட்டிலேயே நடந்திருக்கிறது என்பது மற்றொன்று.

நம் மொழியில் 'பச்சை உடம்பு' என்று ஓர் அருமையான தொடர் இருக்கிறது. பிள்ளை பெற்று எழுந்தவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்பார்கள். ஆறாத புண்ணைப் போன்றது அந்த உடம்பு. காற்றுப் படக்கூடாது, குளிர்ந்த நீரில் கை வைக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. பூண்டும் மிளகும் சுக்கும் சேர்த்த பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், வேதுநீர்க் குளியல், சாம்பிராணிப் புகை எல்லாம் அந்தப் பச்சையைக் காய வைப்பதற்காக நம் முன்னோர் கண்ட வழிகள். அவற்றுள் சிலவற்றை இன்றைய மருத்துவம் ஏற்கும், சிலவற்றை ஏற்காது. அது வேறு செய்தி. நான் சொல்ல வருவது இதுதான்: உடம்பு பச்சையாக இருப்பதை ஒரு சொல்லால் சுட்டத் தெரிந்த நாம், அதே நாட்களில் மனமும் பச்சையாக இருக்கிறது என்பதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளவில்லை. சொல் இல்லாத இடத்தில் கேள்வியும் எழுவதில்லை.

என் வீட்டில் நடந்ததை இப்போது சொல்கிறேன். என் மனைவியின் சம்மதம் பெற்றே சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டு, தில்லியில் கடுங்குளிர் தொடங்கியிருந்த மார்கழி மாதத்தில் எங்கள் முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. தாய்வீட்டுக்குச் சென்று பிள்ளை பெறுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் கூடியிருந்ததால், நீண்ட இரயில் பயணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஆகவே என் மாமியாரே தில்லிக்கு வந்தார். இருபத்திரண்டாம் நாள், ஊரில் மாமனார் விழுந்து காலை முறித்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. மாமியார் அன்றிரவே இரயில் ஏறினார். எனக்கு அரசு அளித்த தந்தைமை விடுப்பு 15 நாள். அதை மருத்துவமனை நாட்களிலும் பெயர் சூட்டு விழாவிலுமே செலவிட்டிருந்தேன். காலை ஒன்பது மணிக்கு நான் அலுவலகம் புறப்பட்டால், மாலை ஏழு மணி வரையில் அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளில் அவளும் குழந்தையும் மட்டுமே. அவளுக்கு இந்தி தெரியாது. சன்னலைத் திறந்தால் பனிமூட்டம்.

குழந்தை தூங்கும்போதுகூட அவள் தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுவந்து வைத்த உணவு ஆறிப்போய் அப்படியே இருக்கும். ஒருநாள் மாலை, "இந்தக் குழந்தைக்கு வேறு நல்ல அம்மா கிடைத்திருக்கலாம்" என்றாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று எண்ணி நான் சிரித்துவிட்டேன்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதற்காக இருவரும் சென்றிருந்தபோது, அங்கிருந்த டாக்டர் அம்மையார் நல்ல மனத்தோடு இந்தியில் கேட்டார்: "தாய் எப்படி இருக்கிறாள்? தூக்கம் வருகிறதா? மனம் சரியாக இருக்கிறதா?" கேள்வி என் மனைவிக்கு. விடை சொன்னவன் நான். அவள் பக்கம் திரும்பாமலே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, "எல்லாம் சரிதான், டாக்டர்" என்று இந்தியில் சொல்லிவிட்டேன். பத்தாண்டுகளாக மொழிபெயர்ப்பில் ஊதியம் பெற்றவன் நான். என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய மொழிபெயர்ப்புப் பிழை அதுதான்.

அந்தப் பிழையைத் திருத்தியவர் எங்கள் குடியிருப்பில் இரண்டு வாயில் தள்ளி வசித்த ஓய்வு பெற்ற ஆசிரியை. மதுரைப் பக்கத்தவர். எல்லாரும் அவரை 'டீச்சரம்மா' என்றே அழைப்போம். ஒருநாள் பகலில் ஒரு பாத்திரத்தில் ரசம் சாதத்தோடு வந்தவர், தொட்டிலை எட்டிப் பார்க்கவில்லை. "பிள்ளையை அப்புறம் பார்க்கிறேன். நீ எப்படி இருக்கே, தாயி? நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாராம். அதுவரையில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. என் மனைவி அழத் தொடங்கியவள் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. டீச்சரம்மா அவளைத் தேற்றவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பிறகு, "வேறு அம்மா" என்ற அதே வார்த்தையை அவரிடமும் அவள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை என்னை வாசலிலேயே நிறுத்தி, "தம்பி, இது சோம்பலும் இல்லை, செல்லமும் இல்லை. நாளைக்கே மனநல டாக்டரிடம் போகணும். நான் கூட வருகிறேன். அவள் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள்" என்றார். அப்படியே செய்தோம். மருந்தும் ஆலோசனையும் தொடங்கின. அதைவிட முக்கியமாக, நாள்தோறும் இரண்டு மணி நேரம் குழந்தையை டீச்சரம்மா வாங்கிக்கொள்ள, என் மனைவி தூங்கினாள். மாசி போய்ப் பங்குனி வந்தபோது எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பியிருந்தது.

நேயர்களே, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைப் பற்றியவற்றை, ஒன்றாகத் தொகுத்து நோக்கிய கட்டுரை ஒன்று 2017ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு மனச்சோர்வு நோய் காணப்படுகிறது என்பது அதன் முடிவு. ஐந்தில் ஒருவருக்கும் மேல். நாம் வளைகாப்புக்குப் போய் வளையல் அடுக்கிய கைகளை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

இதில் மூன்று நிலைகள் உண்டு. மூன்றையும் வேறுபடுத்தி அறிவது அவசியம். முதலாவது, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் அளவில் தோன்றும் காரணமற்ற கண்ணீரும் எரிச்சலும் கலக்கமும். பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது வருகிறது. உடலில் சுரப்புகள் சட்டென்று மாறுவதும் தூக்கமின்மையும் இதற்குக் காரணங்கள். அன்பும் ஓய்வும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் தானே விலகிவிடும்.

இரண்டாவது, இரண்டு வாரம் கடந்தும் விலகாத சோர்வு. பிறந்த முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம். எதிலும் விருப்பமின்மை, பசியின்மை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம், குழந்தையிடம் பாசம் ஊறவில்லையே என்ற குற்ற உணர்வு ஆகியன இதன் குறிகள். இதைத்தான் மனச்சோர்வு நோய் என்கிறோம். இது குணமாகும் நோய். ஆனால் கவனிப்பார் இல்லாவிடில் தாயையும் வாட்டும், குழந்தையின் வளர்ச்சியையும் பாதிக்கும்.

மூன்றாவது அரிது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் திடீரென்று தொடங்கும். இரவு முழுதும் தூக்கமின்றி அலைதல், தொடர்பற்ற பேச்சு, இல்லாத குரல் கேட்டல், குழந்தையைப் பற்றியோ வீட்டாரைப் பற்றியோ விபரீதமான சந்தேகங்கள் ஆகியவை காணும். பேய் பிடித்தது, காற்றுக் கறுப்பு அண்டியது என்று மந்திரிப்பவரைத் தேடி நாளைக் கடத்துவது இந்த இடத்தில் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது.

இந்த நோய்க்குக் கோப்புகளில் நாங்கள் எழுதும் பெயர் 'மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு' என்பது. சொல் சரியானதுதான். ஆனால் எந்தப் பெண்ணும், "எனக்கு மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு" என்று சொல்லி வரப்போவதில்லை. "என்னமோ போல இருக்கு", "நெஞ்சை அடைக்குது", "ஒண்ணும் பிடிக்கலை", "தலை பாரமா இருக்கு", "எங்கேயாவது போயிடலாம்னு தோணுது" என்றுதான் சொல்வாள். நோயின் பெயர் டாக்டருக்குத் தெரிந்தால் போதும். இந்தச் சொற்களின் பொருள்தான் அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாய்மொழியில் பேசக் கிடைக்கும் ஒருவர் எவ்வளவு பெரிய துணை என்பதை, வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காய்கறி வாங்கவும் வாடகை பேசவும் பிற மொழியை ஓரிரு மாதத்தில் கற்றுக்கொள்கிறோம். மனத்தில் உள்ளதைச் சொல்லும் மொழி அவ்வளவு எளிதில் வருவதில்லை. எனவேதான் வெளியூரில் பிள்ளை பெறும் தமிழ்ப் பெண்ணுக்குத் தனிமை இரட்டிப்பாகிறது.

ஊரில் இருந்திருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். தாய்வீட்டு அடுக்களையிலும் இந்த நோய் வரும். கோவாவில் தாய்மார்களிடையே நிகழ்ந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், வறுமை, கணவனின் வன்முறை ஆகியவற்றோடு, பிறந்தது பெண் குழந்தை என்பதும் மனச்சோர்வுக்குத் துணைபோகும் காரணமாகக் காணப்பட்டது. "பரவாயில்லை, அடுத்தது ஆணாகப் பிறக்கும்" என்று ஆறுதல் கூறுகிறோமே, அந்த ஆறுதல் ஓர் அடியாகத்தான் அவள்மேல் விழுகிறது. சொந்தங்கள் சூழ இருப்பதே துணையாகிவிடாது. கேட்டுக்கொள்ளும் காது ஒன்று இருப்பதே துணை.

அந்தத் துணையை மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண மக்கள் அளிக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. நம் அண்டை நாடான பாகிஸ்தானில், இராவல்பிண்டியைச் சார்ந்த சிற்றூர்களில், வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சிறிது பயிற்சி தந்து, மனச்சோர்வுற்றிருந்த கர்ப்பிணிகளோடு முறையாகப் பேசச் செய்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவு இது: குழந்தைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர்கள் சந்தித்துவந்த தாய்மார்களில் நூற்றுக்கு 23 பேருக்கே நோய் நீடித்தது, மற்றவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு நீடித்தது.

அதே முறையை இன்னும் எளிமையாக்கிக் கோவாவில் செய்து பார்த்தார்கள். அங்கே பேசச் சென்றவர்கள் சுகாதாரப் பணியாளர்கள்கூட அல்லர்; அதே ஊர்களைச் சேர்ந்த, தாமும் பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள். அவர்களுக்கு இட்ட பெயர் 'சகி'. 280 பெண்களைக் கொண்டு நடந்த அந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியாயிற்று. பலன் மிதமானதுதான், ஆனால் சகியின் துணை பெற்றவர்களில் நோயிலிருந்து மீண்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

'சகி' என்ற அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு நம் அகப்பாடல்களின் நினைவு வந்தது. சகி என்றால் தோழி. தமிழ் அகத்திணையில் தலைவிக்குத் தோழி வெறும் விளையாட்டுத் துணை அல்லள். தலைவி வாய் திறந்து சொல்ல இயலாததை அவள் முகத்திலும் உடலிலும் படித்து அறிபவள். அறிந்ததைத் தக்க வேளையில் செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உரைப்பாள். இதனை 'அறத்தொடு நிற்றல்' என்று இலக்கணம் செய்தவர்கள் அழைத்தார்கள். காதலைப் பற்றிய மரபு அது, உண்மைதான். ஆயினும், ஒரு பெண்ணின் துயரைப் பிறர் அறிந்து, முறையாக உரியவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் அறத்தின் பக்கம் நிற்பதுதான் அல்லவா? டீச்சரம்மா என்னை வாசலில் நிறுத்திச் சொன்னாரே, அது வேறென்ன?

நம் நாட்டிலிருந்தே இன்னொரு சான்று. சார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடி மக்கள் மிகுந்த மூன்று மாவட்டங்களில் 'ஏக்சுட்' என்ற தொண்டு அமைப்பு, ஊர்ப் பெண்களை மாதந்தோறும் கூட்டியது. உள்ளூர்ப் பெண் ஒருவர் கூட்டத்தை நடத்துவார். படம் காட்டியும் கதை சொல்லியும், பிரசவத்திலும் பச்சிளங்குழந்தை வளர்ப்பிலும் தங்களுக்குள்ள இடர்கள் எவை, அவற்றுக்குத் தாங்களே என்ன செய்யலாம் என்று அந்தப் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். 2010இல் இதன் பயன்கள் வெளியிடப்பட்டன. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, மூன்று ஆண்டுகளை ஒருசேரப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தாய்மார்களின் மனச்சோர்வில் தொடக்க ஆண்டுகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் நடுத்தர அளவிலான மனச்சோர்வு 57 விழுக்காடு குறைந்திருந்தது. கூடிப் பேசும் பழக்கம் வேர்விட இரண்டு ஆண்டு பிடித்தது போலும். பொறுமை இழந்து முதலாண்டிலேயே கைவிட்டிருந்தால் அந்தப் பலன் கிட்டியிராது.

நேரில் போக முடியாத தொலைவில் இருப்பவர்களுக்கு? கனடா நாட்டின் ஆண்டாரியோ மாகாணத்தில், மனச்சோர்வு வரக்கூடும் என்று கருதப்பட்ட 701 தாய்மார்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒரு பாதியினருக்கு, முன்பு அதே துன்பத்தை அனுபவித்து மீண்ட தாய்மார்கள் தொலைபேசியில் பேசித் துணையாக இருந்தார்கள். பேசியவர்கள் பெற்ற பயிற்சி நான்கு மணி நேரமே. 2009இல் வெளிவந்த முடிவின்படி, பன்னிரண்டு வாரம் சென்றபோது துணை பெற்றோரில் நூற்றுக்கு 14 பேருக்கும், பெறாதோரில் நூற்றுக்கு 25 பேருக்கும் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. கொல்கத்தாவில் தனித்திருக்கும் தமிழ்த் தாய் ஒருத்தியிடம் புனேயிலிருந்து இன்னொரு தமிழ்த் தாய் பேச இன்று எந்தத் தடையும் இல்லை. கைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது.

ஆகவே நாம் செய்யக்கூடியது என்ன? தமிழர் நாலு பேர் சேர்ந்த இடத்தில் ஒரு சங்கம் தோன்றிவிடும். பொங்கல் விழா, பட்டிமன்றம், நூலகம் எல்லாம் நடத்துகிறோம். அவற்றோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்வோம். நம் வட்டாரத்தில் யார் யார் இவ்வாண்டு பிள்ளை பெறப் போகிறார்கள், அவர்களுக்குத் துணைக்கு ஆள் உண்டா என்று அதில் குறிப்போம். வட்டாரத்துக்கு மூன்று பெண்கள் முன்வந்தால் போதும். குடியிருப்புகளில் வாழும் உத்தியோகஸ்தர் குடும்பங்களோடு நின்றுவிடக்கூடாது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்து குடிசைகளில் வாழும் நம் மக்களிடையேதான் இந்தத் துணை அதிகம் தேவை. அங்கே பிள்ளை பெற்றவள் ஒரு மாதத்துக்குள் வேலைக்குத் திரும்பியாக வேண்டியிருக்கிறது.

முன்வருகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. தாயை முதலில் பாருங்கள், குழந்தையைப் பிறகு பாருங்கள். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால், விடைக்காகக் காத்திருங்கள். "நாங்களெல்லாம் நாலு பெற்று வளர்க்கவில்லையா?" என்ற ஒப்பீட்டை அவள் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுச் செல்லுங்கள். அறிவுரையைவிட ஒரு வேளைச் சோறு உதவும். எல்லாவற்றையும்விட இரண்டு மணி நேரத் தூக்கம் உதவும். குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள். அவள் சொன்னதை அடுத்த வீட்டில் சொல்லாதீர்கள். ஒரு முறை வெளியே போன பேச்சு, இனி எந்தப் பெண்ணையும் உங்களிடம் வாய் திறக்க விடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும், அவளிடம் சொல்லிவிட்டே, உரியவர்களுக்குத் தெரிவியுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று கேட்க நாம் அஞ்சுகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் தேவையற்றது. அன்போடு நேராகக் கேட்பது அவள் பாரத்தை இறக்கவே உதவும். "ஆம்" என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பால் கொடுக்கும் தாய் மருந்தே உண்ணக்கூடாது என்று நாமாக முடிவுகட்ட வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டே உண்ணக்கூடிய மருந்துகள் உண்டு. எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். தொண்டர் மருத்துவருக்கு மாற்று அல்லர். மருத்துவரின் வாசல் வரையில் கைபிடித்து அழைத்துச் செல்பவர்.

அந்த வாசலைத் தாண்டியும் ஒரு வேலை இருக்கிறது. மொழி தெரியாத இடத்தில் கணவனே மொழிபெயர்ப்பாளனாக நின்றால் என்ன ஆகும் என்பதை என் கதையில் கண்டீர்கள். வேறொரு பெண் உடன் சென்று, அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, தன்னையே பழித்துக்கொண்டாளா, அச்சம் வந்ததா, தூக்கம் கெட்டதா என்பன போன்ற எளிய கேள்விகள். அதற்குத் தமிழ் வடிவமும் உண்டு. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியாகியிருக்கிறது. தமிழ் வடிவத்தைக் கேட்டு வாங்கலாம்.

அரசு செய்துள்ள ஏற்பாடுகளையும் அறிந்துகொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மனசு' என்ற தொலைபேசிச் சேவைக்கு எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம், எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பார்க்க, ஆசா எனப்படும் சுகாதாரத் தொண்டர் 42 நாட்களுக்குள் ஆறு முறை வீட்டுக்கு வர வேண்டும் என்பது 2011 முதல் உள்ள திட்டம். அவர் குழந்தையின் எடையைப் பார்க்கும்போது, தாயின் தூக்கத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்சில், மனநோயுற்ற தாயையும் அவள் கைக்குழந்தையையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும் தனிப்பிரிவு 2009 முதல் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. "டாக்டரிடம் போனால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்று அஞ்சி நோயை மறைக்கும் தாய்மாருக்கு இந்த ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாலே பெரும்பணி.

கணவன்மார்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு வார்த்தை. விடுப்பை விழாவுக்குச் செலவிடாதீர்கள். துணைக்கு வந்தவர் ஊர் திரும்பும் நாட்களுக்கென்று வையுங்கள். அலுவலகத்திலிருந்து வந்தவுடன் தொட்டிலுக்குப் போகும் முன், தாயின் எதிரில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். இரவில் ஒரு முறையாவது குழந்தைக்கு நீங்கள் எழுந்திருங்கள்.

டீச்சரம்மா சில ஆண்டுகளுக்கு முன் மதுரைக்கே திரும்பிவிட்டார். எங்கள் மகள் இப்போது பள்ளியின் மேல்வகுப்பில் படிக்கிறாள். சென்ற குளிர்காலத்தில், அடுத்த தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் இளம்பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, என் மனைவி ஒரு பாத்திரத்தில் ரசம் சாதத்தோடு புறப்பட்டாள். நானும் உடன் சென்று வெளியே நின்றேன். கதவு திறந்தது. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. என் மனைவி முதலில் கேட்டது என் காதில் விழுந்தது: "நீ எப்படிம்மா இருக்கே?"

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கதவு இருக்கும், நேயர்களே.